வேளச்சேரியில் பழைய வீடு, இன்சூரன்ஸ் தர மறுக்கிறார்கள். வெள்ளம் வந்ததை மறைத்து வாங்கலாமா?

தரைத்தளம்:

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரியில் அப்பா 1988இல் கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும், 900 சதுர அடி. அப்பா இப்போது இல்லை. 72 வயது அம்மா அந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். முன்னறையை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட் ஒன்று உண்டு.

கட்டினபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, இன்று தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். 2015 டிசம்பரில் மார்பளவுத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்காலுக்கு மேல்; வடிய மூன்று நாள் ஆயிற்று. இரண்டு தடவையும் இன்சூரன்ஸ் இல்லை. ஃபிரிட்ஜ், பீரோ, மெத்தை, மோட்டார், வயரிங், கதவு எல்லாம் கைக்காசில்தான்.

இந்த முறை மழைக்கு முன்பே பாலிசி எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு நிறுவனத்தின் ஏஜென்டிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பத்து நாள் கழித்து, மேலே ஒப்புக்கொள்ளவில்லை என்றார். இன்னொரு இடத்தில் கட்டடத்துக்கு முடியாது, உள்ளே இருக்கும் பொருளுக்கு மட்டும் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அதே வீட்டுக்கு ஆன்லைனில் பின்கோடும் பரப்பளவும் போட்டதும் இரண்டாயிரத்துக்கும் குறைவான பிரீமியத்தில் பாலிசி தயார் என்கிறது. வெள்ளம் வந்ததா என்ற கேள்வியே அங்கே இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் "கேட்காததை நீயாக ஏன் சொல்கிறாய், வாங்கிப் போடு" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவுக்கு மறுபடி ஒரு வெள்ளத்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. என்ன செய்யலாம்?

ஓஎம்ஆர்_வாசி:

ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள். படிவத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேட்காதது அவர்கள் பிழை, உங்கள் பிழை இல்லை. நான் பெரும்பாக்கம் ஃபிளாட்டுக்கு அப்படித்தான் எடுத்தேன், ஐந்து நிமிடத்தில் பாலிசி மெயிலில் வந்தது.

முடிச்சூர்க்காரன்:

சார், ஐந்து நிமிடத்தில் வருவது பாலிசி. கிளெய்ம் அப்படி வராது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. கீழ்வீட்டில் கூரை மட்டும்தான் வெளியே தெரிந்தது. எனக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து வங்கியில் வேறு வேலையாகப் போனபோது அந்த அதிகாரி, "உங்கள் வீட்டுக்கடனோடு ஒரு பாலிசி ஓடிக்கொண்டிருக்கிறதே, கிளெய்ம் போடவில்லையா?" என்று கேட்டார். ஏழு வருஷமாக நான் கட்டிய பிரீமியம் அது. கடன் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அதையும் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள்.

தாமதமாகக் கொடுத்தும், சர்வேயர் வந்து சுவர்க் கறையைப் பார்த்துக் கட்டடத்துக்கு ஒரு தொகை எழுதினார். பொருளுக்கு ஒன்றுமில்லை, அந்த பாலிசி கட்டடத்துக்கு மட்டும், அதுவும் கடன் பாக்கி அளவுக்கு. வீட்டுக்கடன் இருக்கிற எல்லோரும் முதலில் வங்கியில் கேளுங்கள்: எந்த நிறுவனம், எவ்வளவு தொகைக்கு, கட்டடம் மட்டுமா, பொருளும் சேர்ந்தா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று.

அளவைநாடா:

முப்பத்தோரு வருடம் நஷ்டம் மதிப்பிடும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தரைத்தளம் அம்மா, உங்களுக்கு மறுத்த நிறுவனத்தின் மேல் கோபம் வருவது நியாயம். ஆனால் அவர்கள் மேஜையில் உங்கள் வீடு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். தீ விபத்து என்றால் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஏதோ ஒன்றில் நடக்கும். எல்லோரும் கட்டுகிற பணத்தில் அந்த ஒருவருக்குக் கொடுக்கலாம். வெள்ளம் அப்படியில்லை. ஒரே ராத்திரியில் அந்தத் தெரு முழுக்க, அந்தப் பின்கோடு முழுக்க வரும். உங்கள் பிரீமியம் இரண்டாயிரம் என்று வையுங்கள். ஒரு வெள்ளத்தில் கட்டடத்துக்கும் பொருளுக்குமாக ஆறு லட்சம் கொடுத்தால் அது 300 வருடப் பிரீமியம். உங்கள் வீட்டில் எட்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை தண்ணீர் ஏறியிருக்கிறது. எதிர்பாராமல் வரும் நஷ்டத்துக்குத்தான் காப்பீடு. எப்போது வரும் என்பது மட்டும் தெரியாத, வந்தே தீரும் என்று தெரிந்த நஷ்டத்தை எழுத, பாலிசி தரலாமா என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டரின் கை நடுங்கும்.

மூன்று படி ஏறிய வாசல் இரண்டு படி இறங்குகிற வாசலானதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். அண்டர்ரைட்டர் பார்ப்பது தரைமட்டத்தை மட்டும்தான்.

இப்போது மறைப்பது பற்றி. நம் ஊரில் வீட்டுக் காப்பீட்டின் பெரிய சிக்கலே இதுதான் என்பேன். பிரீமியம் இவ்வளவு குறைவாக இருப்பதால் யாரும் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதில்லை. ஆள் அனுப்பும் செலவு பிரீமியத்தைவிட அதிகம். அதனால் எல்லா வீட்டுக்கும் வாசலில் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டை முதன்முதலாக ஒருவர் நேரில் பார்ப்பது எப்போது? நஷ்டம் ஆன பிறகு, என்னைப் போன்ற சர்வேயர் வரும்போது. அன்றைக்குத்தான் கேள்விகள் வரும்: முன்னறையில் மூன்று தையல் மிஷின் ஏன், ஷெட்டுக் கூரை எதனால் ஆனது, சுவரில் பழைய நீர்க்கோடு எத்தனை. வெளிநாட்டில் காப்பீடு கிடைக்காத வீடு என்றால் பாலிசியே தர மாட்டார்கள். இங்கே பாலிசி தந்துவிடுவார்கள். கிளெய்மின்போதுதான் அது காப்பீடு கிடைக்காத வீடு என்று நமக்குத் தெரியவரும். இரண்டாவதுதான் கொடுமை, ஏனென்றால் அதை நம்பி நாம் வேறு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிடுகிறோம்.

ஓஎம்ஆர் தம்பி, கேட்காததைச் சொல்ல வேண்டாம் என்பது காப்பீட்டில் செல்லாது. காப்பீட்டு ஒப்பந்தம் பரிபூரண நல்லெண்ணத்தின் மேல் நிற்பது. அவர்கள் முடிவை மாற்றக்கூடிய விஷயம் நமக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். கேள்வியே இல்லாத படிவத்தில் வாங்கியவர் பக்கமும் வாதம் இருக்கிறது, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மேனிடம் அது எடுபடவும் கூடும். ஆனால் வீடு நனைந்து, அம்மா உறவினர் வீட்டில் இருக்கும்போது அந்த வாதத்தை நடத்திக்கொண்டிருக்க வேண்டுமா? முன்பே ஒரு மெயில் எழுதுங்கள். "இந்த வீட்டில் இந்த இரண்டு தேதிகளில் வெள்ளம் புகுந்தது, முன்னறை தையல் கடைக்கு வாடகை." அதை வாங்கிக்கொண்டு பாலிசி தந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

தரைத்தளம்:

மிக்க நன்றி சார். வாசலில் மறுத்தது எனக்கு நல்லதுதான் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இரண்டு சந்தேகம். தொகையை எப்படிப் போடுவது? மனையோடு சேர்த்து இன்றைய விலை ஒரு கோடிக்கு மேல் என்கிறார்கள். அடுத்து, வீட்டையே ஜாக்கி வைத்து நான்கு அடி தூக்கிவிடலாமா என்று தம்பி கேட்கிறான். எங்கள் தெருவில் இரண்டு வீட்டைத் தூக்கிவிட்டார்கள். தூக்கினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அளவைநாடா:

மனைக்கு இன்சூரன்ஸ் கிடையாது அம்மா. மண் எரியாது, இடியாது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீட்டுக்கு "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரிப் பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. அதில் கணக்கு எளிது: கார்பெட் ஏரியாவை, இன்றைக்குத் திரும்பக் கட்ட ஆகும் செலவால் பெருக்குங்கள். 900 சதுர அடி, அடிக்கு 2,400 ரூபாய் என்றால் 21 லட்சத்து 60 ஆயிரம். ஒரு கோடி போட்டால் கூடுதல் பிரீமியம்தான் போகும், கூடுதல் பணம் வராது. வருடா வருடம் அந்தத் தொகை 10 சதவீதம் தானாக ஏறும். வீட்டுப் பொருளுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், பட்டியல் கொடுக்காமலே சேர்ந்துவிடும். உங்கள் கணக்கில் 4 லட்சத்து 32 ஆயிரம். புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் உள்ளேயே உண்டு. ரொக்கம், வண்டி, பத்திரங்கள் அதில் வராது. ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஷார்ட் சர்க்யூட்டில் தானே எரிந்தால் அந்த ஒரு சாதனத்துக்கு வராது. அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் மற்றதுக்கு வரும்.

கார்பெட் ஏரியா என்பது சுவருக்கு உட்பட்ட தரை. பத்திரத்தில் இருக்கும் 900 வெளியளவாக இருக்கக்கூடும். நாடா பிடித்து அளந்து பாருங்கள்.

வீடு தூக்குவது பற்றிக் கேட்டீர்களே, அதுதான் அசலான கேள்வி. தூக்கி முடித்து, தரைமட்டம் ரோட்டுக்கு மேலே வந்துவிட்டால் உங்கள் வீட்டின் ஆபத்தே மாறிப்போகிறது. முன்பு மறுத்தவர்களும் மறுபடி பார்ப்பார்கள். ஆனால் தூக்கும் நாட்களில் சாதாரண வீட்டு பாலிசியை நம்பாதீர்கள். பாலிசியில் நிலம் இறங்குவதற்கான பகுதியிலேயே, கட்டட மாற்றம், பழுது, தோண்டும் வேலை இவற்றால் வரும் சேதம் சேராது என்று இருக்கிறது. ஜாக்கி சறுக்கிச் சுவர் பிளந்தால் அது இவற்றில்தான் விழும். வேலை எடுப்பவர் தன் பெயரில் அந்த வேலைக்கும், வேலையாட்களுக்கும் காப்பீடு வைத்திருக்கிறாரா என்று தாளைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, முப்பத்தைந்து வருடத்துக்கு மேலான சுவர் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்த அறிக்கை பிறகு அண்டர்ரைட்டர் மேஜையிலும் உதவும்.

சுவர்_பிளவு:

சார், "தோண்டும் வேலை" என்றதும் என் வயிறு கலங்கிவிட்டது. மேடவாக்கத்தில் என் வீடு. பக்கத்து மனையில் அடுக்குமாடிக்கு பேஸ்மென்ட் தோண்டினார்கள். என் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ் வரை பிளவு, கதவு சாத்த முடியவில்லை. கிளெய்ம் போட்டேன். "இது நிலச்சரிவும் இல்லை, பாலிசியில் வரும் நில இறக்கமும் இல்லை" என்று ஒரே வரியில் கடிதம். நான் எதையும் தோண்டவில்லையே, பக்கத்துக்காரர் தோண்டியதற்கு எனக்கு ஏன் இல்லை?

அளவைநாடா:

தம்பி, அந்த விலக்கில் யார் தோண்டியது என்ற பேச்சே இல்லை. எந்தச் சொத்தில் நடந்த வேலையானாலும் சேரும். உங்கள் நஷ்டத்துக்கு வழி பக்கத்து மனைக்காரரும் அவர் பில்டரும்தான். இன்ஜினியர் அறிக்கையோடு வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. பிளவின் மேல் தேதி எழுதிய கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். பிளவு விரிந்தால் கண்ணாடி உடையும். நீதிமன்றத்தில் பேசுகிற சாட்சி அது.

அதே விலக்குப் பட்டியலில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. சென்னையில் வீடு வாங்குகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியவை. புதுக் கட்டடம் சாதாரணமாக அமர்வதால் வரும் விரிசல் சேராது. நிரப்பிய மண் இறங்குவதால் வரும் சேதம் சேராது. ஏரியையும் குளத்தையும் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கி மனை போட்ட ஊர் இது. அடியில் களிமண்ணா, நிரப்பின மண்ணா என்று மண் பரிசோதனை செய்யாமல் கட்டிய வீட்டில் தூண் ஒரு பக்கம் இறங்கினால், சர்வேயர் முதலில் தேடுவது நிரப்பின மண்ணைத்தான். நான் தேடியிருக்கிறேன். கண்டுபிடித்து எழுதியும் இருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

ஏரிக்கரை:

இதைப் படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வருகிறது.

நாங்கள் ஏரியில் வீடு கட்ட ஆசைப்பட்டோமா? முகப்பேரில் ஒரு பகுதியின் பெயரே "ஏரித் திட்டம்". யார் போட்டது அந்தத் திட்டம்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்தது. 2022இல் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது 1,248 ஹெக்டேர். நடுவில் போனதெல்லாம் ரோடு, குப்பைமேடு, கம்பெனிக் கட்டடம், அப்ரூவல் பெற்ற மனைகள். பதிவுத்துறை பத்திரம் போட்டது, வங்கி கடன் கொடுத்தது, மாநகராட்சி சொத்துவரி வாங்கியது. எல்லோரும் சரி என்று முத்திரை குத்தினார்கள். இருபது வருடம் கழித்து இன்சூரன்ஸ்காரர் மட்டும் "இது தண்ணீர் நிற்கிற இடம் ஆயிற்றே" என்கிறார். அந்த வார்த்தையை முதல் நாள் எங்களிடம் சொல்ல ஒருவர்கூட இல்லை.

ஓஎம்ஆர்_வாசி:

அப்படியானால் அரசாங்கமே வெள்ளப் பகுதிக்கு ஒரு காப்பீடு நடத்தக் கூடாதா?

அளவைநாடா:

ஏரிக்கரை சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன்.

அரசு இறங்கிய ஊர்கள் உண்டு. பிரிட்டனில் 2016 ஏப்ரலில் "ஃபிளட் ரீ" என்று ஒரு ஏற்பாடு தொடங்கியது. வீட்டுக் காப்பீடு விற்கும் எல்லா நிறுவனமும் ஒரு பொதுப் பையில் பணம் போட வேண்டும். வெள்ள ஆபத்துள்ள வீட்டின் வெள்ளப் பங்கை மட்டும் அந்தப் பைக்குத் தள்ளிவிடலாம். வீட்டுக்காரருக்குத் தாங்கக்கூடிய விலையில் பாலிசி கிடைக்கும். மேட்டு வீட்டுக்காரர் பணத்தில் பள்ளத்து வீட்டுக்காரருக்குக் காப்பு. அதில் எனக்குப் பிடித்தது ஒரு விதி: 2009 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இடமில்லை. இந்தப் பையை நம்பி ஆற்றுப்படுகையில் புதிதாகக் கட்டாதே என்று அர்த்தம். அந்த ஏற்பாடே 2039 வரைதான். அதற்குள் வெள்ளத் தடுப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று கெடு. இங்கே ஒன்று வந்தால் அந்த விதி இல்லாமல் வரக் கூடாது. இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் ஏரிக்கும் மனை போட்டுவிடுவார்கள்.

செட்டிவீடு:

வெள்ளம் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்கே பஞ்சம், ஆனாலும் வீட்டுக்குக் காப்பீடு எடுக்க முடியவில்லை.

காரைக்குடிப் பக்கம், இரட்டைக் கட்டு வீடு, பாட்டனார் கட்டியது. பதினாறு புள்ளிக்கு, அதாவது பதினாறு குடும்பத்துக்குப் பங்கு. பாதிப் பேர் சென்னை, மற்றவர்கள் மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா. முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம், மற்ற நாள் பூட்டுத்தான். காலையில் ஒருவர் வந்து பெருக்கி விளக்கு வைத்துவிட்டுப் போவார். மேலே ஓடு, உள்ளே பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல். ஒரு மின்கசிவு போதும், எல்லாம் சாம்பல். ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி "யார் பெயரில் பாலிசி?" அதற்கே எங்களிடம் பதில் இல்லை.

அளவைநாடா:

ஆச்சி என்று கூப்பிடலாமா தெரியவில்லை, தவறானால் மன்னிக்கவும்.

உங்கள் வீட்டில் மூன்று சிக்கல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சொத்து அழிந்தால் யாருக்கு நஷ்டமோ அவர்தான் காப்பீடு எடுக்க முடியும், அவர் பங்கு அளவுக்கு. பதினாறில் ஒருவர் தன் பெயரில் மட்டும் முழு வீட்டுக்கும் எடுத்தால், பணம் வரும் நாளில் பதினைந்து பேர் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். எல்லாப் புள்ளியும் சேர்ந்து ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து, எல்லோர் பெயரும் வரும்படி எடுங்கள். பூட்டிக் கிடப்பது அடுத்தது. பழைய தீக் காப்பீட்டு நிபந்தனையில், 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும், முன்பே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்கியிருந்தால் தவிர. இப்போது எடுக்கும் தாளிலும் இதைத் தேடிப் படியுங்கள். "தினம் ஒருவர் வருகிறார், ஆனால் இரவில் யாரும் தங்குவதில்லை" என்று உள்ளது உள்ளபடி எழுதிக்கொடுங்கள்.

மூன்றாவதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. சதுர அடிக் கணக்கு இன்றைய கான்கிரீட் வீட்டுக்கானது. பர்மாத் தேக்குத் தூணை இன்று எந்த விலைக்கு வாங்குவீர்கள்? காப்பீட்டுப் பணத்தில் ஒரு வீடு கிடைக்கும், உங்கள் பாட்டனார் வீடு கிடைக்காது. அதனால் அந்த வீட்டுக்கு முதல் காப்பீடு வயரிங்தான். பழைய கம்பிகளைக் கழற்றிப் புதிதாக இழுத்து, கசிந்தால் தானே அணையும் ஆர்சிசிபி பொருத்துங்கள். பூட்டிப் போகும் அன்று மெயினை இறக்கச் சொல்லுங்கள்.

கடலோரம்:

குமரி மாவட்டம், இரயுமன்துறைப் பக்கம். எங்க சொந்தக்காரங்க வீடு கடலுக்குப் போச்சு. ஒரே நாள்ல போகலை. முதல்ல மணல் போச்சு, அப்புறம் தென்னை, அப்புறம் காம்பவுண்டு, கடைசியில அடுக்களை. புயல் இருக்கு, வெள்ளம் இருக்கு, சுனாமிகூட பாலிசியில இருக்குன்னு சொல்றீங்க. கடல் அரிச்சா?

அளவைநாடா:

இல்லை. கடலரிப்பும் ஆற்றரிப்பும் வெளிப்படையாக விலக்கப்பட்டவை. ஒரு புயல் அலை வந்து அடித்து வீடு விழுந்தால் உண்டு. வருடக் கணக்கில் கரை தேய்ந்து விழுந்தால் கிடையாது. நடுவில் நடப்பது எது என்று பிரித்துச் சொல்வது எங்களுக்கே கடினம். புயலுக்கு முதல் நாள் எடுத்த படம், மறுநாள் எடுத்த படம் இரண்டும் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடி கிடைக்கும். கரையோரத்தில் இருக்கும் எல்லோரும் புயல் எச்சரிக்கை வந்ததும் வீட்டையும் கரையையும் சேர்த்துப் படம் எடுத்து யாருக்காவது அனுப்பி வையுங்கள். மற்றபடி அந்த ஊர்களுக்கு வேண்டியது கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவும் மாற்று மனையும். பாலிசியால் ஆவது ஒன்றுமில்லை.

ஸ்காபரோ:

அண்ணை, நீங்கள் வாசல் பற்றிச் சொன்னது சரியாகப் பட்டது. கனடாவில் வாசலிலேயே மறிப்பார்கள்.

நான் ஸ்காபரோவில் வாங்கினது 1969இல் கட்டின வீடு. காப்புறுதி கேட்டவுடன் முதல் கேள்வி: வயரிங் செம்போ அலுமினியமோ? அலுமினியம் என்றேன். மின் பாதுகாப்புச் சான்றிதழ் கொண்டு வந்தால்தான் மேற்கொண்டு கதை என்றார்கள். காப்புறுதி இல்லாமல் வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் வீடு இல்லை. மூன்று கிழமை ஓடித் திரிந்தேன். கூரை எத்தனை வருடம், சுடுநீர்த் தாங்கி எத்தனை வருடம், முன்னர் கிளெய்ம் செய்ததோ எல்லாம் கேட்பார்கள்.

இன்னொன்று எங்கட சனத்துக்குக் கட்டாயம் சொல்ல வேணும். 2013 யூலை 8ஆந் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. கழிவுநீர்க் குழாயால் தண்ணீர் திரும்பி வந்து எத்தனையோ வீடுகளின் பேஸ்மென்ட் நிறைந்தது. அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் காசு வரும், சாதாரண காப்புறுதியில் அது இல்லை. என்ர நண்பர் அதுவும் சேர்த்திருந்தார். ஆனால் பேஸ்மென்ட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டதைச் சொல்லவில்லை. பிரீமியம் கூடும் என்ற பயம். கடைசியில் முழுக் கிளெய்மையும் மறுத்துவிட்டார்கள். தையல் கடையைப் பற்றி ஒளிக்காதேங்கோ, தங்கச்சி.

முடிச்சூர்க்காரன்:

சர்வேயர் சாரிடம் ஒன்று. வெள்ளத்துக்குப் பிறகு நான் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினேன், பொருளை மேலே ஏற்றி வைக்கலாம் என்று. அது பாலிசியில் தானாக வருமா?

அளவைநாடா:

கார்பெட் ஏரியா 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் வராது. சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி, அந்த மாற்றத்தைப் பாலிசியில் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். அறை கட்டியதே நல்ல காரியம். அதைச் சொன்னால் உங்கள் வீடு முன்பைவிடப் பாதுகாப்பானது என்றும் பதிவாகும்.

சுவர்_பிளவு:

கிளெய்ம் மறுத்தால் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்றீர்களே, பாலிசியே தர மறுத்தாலும் போகலாமா?

அளவைநாடா:

பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி தராமல் இழுத்தால் போகலாம். வாங்குவதற்கு முன்பே முடியாது என்றால் அது அவர்கள் வியாபார முடிவு, அங்கே வழியில்லை. கிளெய்ம் தகராறு என்றால் முதலில் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பிடிக்காவிட்டாலோ ஒம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

தரைத்தளம் அம்மா, ஓர் இடத்தில் மறுத்தால் எல்லா இடத்திலும் மறுத்ததாக ஆகாது. அதே பின்கோட்டில் ஒரு நிறுவனத்திடம் ஏற்கனவே ஆயிரம் வீட்டுப் பாலிசி இருக்கும், இன்னொரு நிறுவனத்திடம் பத்துதான் இருக்கும். இரண்டாவது நிறுவனத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஏஜென்ட் மூலம் போகாமல் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய், ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். போவதற்கு முன் ஸ்விட்ச் போர்டுகளையும் மீட்டரையும் 2015 நீர்க்கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பாத வால்வு போடுங்கள். வாசலில் பலகை செருகும் பள்ளம் வைத்துத் தடுப்பு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் பில்லும் படமும் இருக்கட்டும்.

தரைத்தளம்:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டைத் தூக்கவில்லை. இன்ஜினியர் பார்த்துவிட்டுப் பின்சுவர் தாங்காது என்றார். அதற்குப் பதில் நீங்கள் சொன்ன போர்டு, வால்வு, வாசல் தடுப்பு மூன்றையும் செய்தோம். சமையலறையில் இரண்டரை அடி மேடை கட்டி ஃபிரிட்ஜை ஏற்றினோம். அம்மாவும் நானும் நாடா பிடித்து அளந்தோம். 900 என்று நினைத்தது கார்பெட் ஏரியாவில் 742தான்.

மூன்றாவதாக ஒரு கிளைக்கு நேரில் போனேன். வெள்ளம், தையல் கடை, ஷெட் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஆள் வந்தார். முதலில் அவர் கேட்டது, "2015இல் எதுவரை வந்தது, காட்டுங்கள்" என்றுதான். அம்மா ஹால் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தடவை வெள்ளை அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டார். அதற்குக் கீழே 2023 கோடு. வந்தவர் இரண்டு கோட்டையும் அளந்து, ஸ்விட்ச் போர்டு உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போனார்.

ஷெட்டும், தையல்காரர் மிஷின்களும் பாலிசியில் இல்லை. மிஷினுக்கு அவர் தனியாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டோம். பிரீமியம் ஆன்லைனில் காட்டியதைவிட அதிகம். கட்டிவிட்டேன். பாலிசி நேற்று வந்தது.

அளவைநாடா:

சந்தோஷம் அம்மா. இன்றைக்கே முதல் பக்கத்தில் முகவரி, கதவு எண், 742 என்ற பரப்பு, வாடகை விவரம் நான்கும் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் உடனே மெயில் போட்டுத் திருத்த வேண்டும். பாலிசியின் படம் ஒன்று உங்கள் தம்பி போனிலும் இருக்கட்டும்.

தரைத்தளம்:

பார்த்தேன் சார். கதவு எண் பழையது வந்திருக்கிறது. இப்போதே எழுதுகிறேன்.